பேய்ப்படத்தின் வட்டை இருட்டில் எடைபோடுவது எப்படி

ஒரு ப்ளூரே அல்லது 4கே வட்டு தேறுமா என்று பார்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் பளிச்சென்ற பகற்காட்சி ஒன்றை ஓடவிட்டு, நடிகரின் முகச்சுருக்கத்தையும் சட்டைத்துணியின் நெசவையும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். சண்டைப் படத்துக்கும் பாடல்கள் நிறைந்த படத்துக்கும் அது ஓரளவு போதும். கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் வந்த பேய்ப்படங்களுக்கு அந்த அளவுகோல் உதவாது. இத்தகைய படங்களில் பயம் குடியிருப்பது திரையின் மங்கலான மூலையிலும், இரண்டு வசனங்களுக்கு இடையே விழும் அமைதியிலும்தான். அந்த மூலையையும் அந்த அமைதியையும் வட்டு சேதமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மாதச் சந்தாவில் அதே படம் கிடைக்கும்போது வட்டு எதற்கு என்று கேட்பவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. இணைய ஒளிபரப்பில் வரும் 4கே படம் பொதுவாக நொடிக்கு 15 முதல் 25 மெகாபிட் அளவில் வருகிறது. சாதாரண ப்ளூரேயில் படத்துக்கு மட்டும் 40 மெகாபிட் வரை இடமுண்டு. 100 ஜிகாபைட் கொள்ளளவுள்ள 4கே வட்டிலோ ஒலியும் சேர்த்து 128 மெகாபிட் வரை போகலாம். தரவு குறையும்போது முதலில் பலியாவது இருட்டுதான், ஏனெனில் சுருக்கும் மென்பொருள்கள் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது என்று கருதி இருண்ட பகுதிகளில்தான் சிக்கனம் பிடிக்கின்றன. பேய்ப்படத்தில் நாம் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பதும் அதே பகுதிகளைத்தான். இன்னொரு காரணமும் உண்டு. கேரளத்தில் பிறந்த பி. என். ராவ் இயக்கி 1957இல் வெளிவந்த ‘பொந்தியானாக்’ என்ற படம்தான் மலேசிய, சிங்கப்பூர் வட்டாரத்துப் பேய்ப்படங்களுக்கு வழி போட்டது. இன்று அதன் பிரதி ஒன்றுகூட இல்லை. சந்தாப் பட்டியலிலிருந்து ஒரு படம் சத்தமில்லாமல் நீக்கப்படும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தப் படத்தின் நினைவு வருவதுண்டு.

வாங்குவதற்கு முன்

முதலில் பார்க்க வேண்டியது ஓடும் நேரம். மலேசியாவில் 2002ஆம் ஆண்டின் திரைப்படத் தணிக்கைச் சட்டம் திரையரங்கில் ஓடும் படத்துக்கு மட்டுமின்றி, விற்பனைக்கு வரும் வட்டுக்கும் பொருந்தும். ஆகவே உள்நாட்டு விநியோகத்துக்காக அச்சிடப்பட்ட வட்டில் சில காட்சிகள் குறைந்திருக்க வாய்ப்புண்டு. திரையரங்குப் பதிப்பின் நேரத்தை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, உறையின் பின்புறத்தில் அச்சிட்டிருப்பதோடு ஒப்பிடுங்கள். ஒரு எச்சரிக்கை: ‘பால்’ (PAL) என்ற காணொளி முறையில் அமைந்த பழைய டிவிடியில் நொடிக்கு 24 சட்டகங்கள் கொண்ட படத்தை 25 ஆக வேகப்படுத்தி ஓட்டுவதால், 100 நிமிடப் படம் வெட்டே இல்லாமல் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். ப்ளூரேயில் இந்தச் சுருக்கம் கிடையாது. அதில் நான்கு நிமிடம் குறைந்திருந்தால் கத்தரி விழுந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். நேரம் கூடியிருந்தால் அது இயக்குநர் பதிப்பாகவோ, அமெரிக்காவில் சான்றிதழ் பெறாமல் வெளியிட்ட பதிப்பாகவோ இருக்கலாம். கூடுதலாக ரத்தம் கொட்டும் பதிப்புதான் சிறந்தது என்று எண்ண வேண்டாம். மெதுவாகப் பயத்தைக் கூட்டும் படங்களில் வெட்டிய காட்சியைத் திரும்பச் சேர்ப்பது பல நேரங்களில் அந்த இறுக்கத்தைத் தளர்த்திவிடுகிறது. இரண்டு பதிப்பும் ஒரே பெட்டியில் இருப்பதுதான் வாங்குபவருக்கு நல்லது.

அடுத்தது வட்டாரப் பூட்டு. ப்ளூரேயில் மலேசியா ஏ வட்டாரம், அமெரிக்காவும் அதே, பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் பி, இந்தியா சி. சென்னைக்குப் போய்வரும் உறவினரிடம் வட்டு வாங்கிவரச் சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், பல இந்திய வட்டுகள் பூட்டில்லாமலே வருகின்றன என்றாலும். 4கே வட்டுகளுக்கு வட்டாரப் பூட்டே கிடையாது. ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பிரிட்டனில் செகண்ட் சைட், ஏரோ போன்ற நிறுவனங்கள் திகில் படங்களைத் தடித்த பெட்டியில், புத்தகமும் சுவரொட்டியும் சேர்த்து வெளியிடுகின்றன. அந்தப் பெட்டியில் உள்ள 4கே வட்டு நம் வீட்டுக் கருவியில் ஓடும்; கூடவே வரும் ப்ளூரே வட்டு பி வட்டாரத்துக்குப் பூட்டப்பட்டிருந்தால் ஓடாது. நேர்காணல்களும் படப்பிடிப்புக் காட்சிகளும் அந்த ஓடாத வட்டில் மட்டும் இருந்துவிட்டால், பெட்டிக்குக் கொடுத்த பணத்தில் பாதி அலமாரி அழகுக்குத்தான்.

பெட்டாலிங் ஜெயாவின் அம்கோர்ப் மால் வார இறுதிச் சந்தையிலோ பினாங்கின் லோரோங் கூலிட் சந்தையிலோ பழைய வட்டு கண்ணில் பட்டால், உறையைவிட வட்டின் அடிப்பக்கத்தைப் பார்ப்பது முக்கியம். ஆலையில் அச்சிட்ட வட்டு வெளிர் நிறத்தில் மின்னும். கணினியில் எரித்தது கருத்த நிறத்தில் இருக்கும். விளக்கொளியில் சாய்த்துப் பார்க்கும்போது ஓரத்தில் பூத்தாற்போல வெண்படலம் தெரிந்தால் அது நம் ஊர் ஈரப்பதத்தில் படர்ந்த பூஞ்சையாக இருக்கக்கூடும். மேலோட்டமாக இருப்பது துடைத்தால் போய்விடும். துடைத்தும் போகாத கறையுள்ள வட்டை விட்டுவிடுங்கள்.

கூடத்தைத் தயார் செய்தல்

நல்ல வட்டைப் போட்டுவிட்டு மோசமாக அமைத்த தொலைக்காட்சியில் பார்த்து வட்டைத் திட்டுவது நியாயமில்லை. கடையில் காட்சிக்கு வைக்கும்போது இருந்த பளிச்சென்ற அமைப்பை மாற்றி, ஃபிலிம்மேக்கர் அல்லது சினிமா அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். அசைவை வழுவழுப்பாக்கும் வசதி, படத்தின் துகள்களைத் துடைக்கும் ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’, ‘டைனமிக் கான்ட்ராஸ்ட்’ ஆகிய மூன்றையும் அணைத்துவிடுங்கள். மூன்றாவதுதான் பேய்ப்படத்துக்குப் பெரும் எதிரி. காட்சி இருண்டவுடன் அது தானாகக் கறுப்பை இன்னும் அழுத்தி, மூலையில் நிற்பதை விழுங்கிவிடுகிறது.

ஓட்டுங்கருவி ஒரு ஒளி வரம்பிலும் தொலைக்காட்சி வேறொரு வரம்பிலும் இருந்தால் கறுப்பு முழுதும் மைக்குட்டையாகிவிடும், அல்லது சாம்பல் பூத்துவிடும். வீடியோவில் கறுப்பு 16 என்ற எண்ணில் தொடங்கி வெள்ளை 235இல் முடிகிறது. கணினித் திரைகள் 0 முதல் 255 வரை எதிர்பார்க்கின்றன. இரண்டு கருவியிலும் ஒரே வரம்பைத் தேர்ந்தெடுத்தால் போதும். சோனி வெளியிட்ட பல ப்ளூரே வட்டுகளில் முதன்மைப் பட்டியல் திரையில் இருக்கும்போது ரிமோட்டில் 7669 என்று அழுத்தினால் சோதனைப் படங்கள் வரும். அதில் கறுப்புக்கு மிக அருகிலுள்ள பட்டைகள் மெல்லத் தெரிகின்றனவா என்று ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு அறை. நம் வீட்டுக் கூடங்களில் மின்விசிறி சுழல்வதும், சுவரோரம் சாமி மேடையில் சின்னச் சிவப்பு விளக்கு எரிவதும் வழக்கம். திரை இருண்டதும் அந்த இரண்டும் தொலைக்காட்சியின் கண்ணாடியில் தெளிவாகத் தெரியத் தொடங்கும். படத்தில் இல்லாத சிவப்புக் கண் ஒன்று நடைவழியின் கடைசியில் மினுங்குவதைப் பார்த்து இயக்குநரைப் பாராட்டியவர்களும் உண்டு. சாமி விளக்கை அணைக்கச் சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள், அணைக்கவும் தேவையில்லை. தொலைக்காட்சியைக் கொஞ்சம் திருப்பினால், அல்லது இடையில் ஒரு திரைச்சீலையை இழுத்துவிட்டால் தீர்ந்தது. மாலை மழை தகரக் கூரையில் அடித்துப் பெய்யும் நேரத்தில் ஒலியைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

படம்: கறுப்பை வாசிப்பது

சோதனைக்கு மூன்று காட்சிகள் போதும்: விளக்கணைந்த வீட்டுக்குள் நடக்கும் நீண்ட காட்சி, பனியோ புகையோ சூழ்ந்த இரவுக்காட்சி, படம் மெதுவாகக் கறுப்பில் கரையும் தருணம்.

முதல் வகைக் காட்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு பெண் கையில் டார்ச்சுடன் மாடி நடைவழியில் வருகிறாள். ஒளிவட்டம் இடப்பக்கச் சுவரில் விழுகிறது. வலப்பக்கம் பாதி திறந்த கதவு, அதற்குள் இருட்டு. இங்கே அவள் முகத்தைப் பார்க்காதீர்கள். ஒளிவட்டத்தின் விளிம்பிலிருந்து இருட்டு வரை சுவரின் நிறம் எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். நல்ல வட்டில் அது மாலை மங்குவதுபோல எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாமல் இறங்கும். சுமாரான வட்டில் நிலப்பட வரைபடத்தின் கோடுகள் போல வளையம் வளையமாகப் படிகள் தெரியும். சாதாரண ப்ளூரே 8 பிட் முறையில் அமைந்தது; கறுப்பிலிருந்து வெள்ளை வரை 220 படிகள்தான், அடிமட்டப் பத்தில் ஒரு பங்குக்குக் கிடைப்பது இருபத்துச் சொச்சம். ஆகவே ப்ளூரேயில் இந்த வளையம் கொஞ்சம் தெரிந்தால் மன்னிக்கலாம். 10 பிட் முறையில் வரும் 4கே வட்டில் தெரிந்தால் அது தயாரித்தவர்களின் அலட்சியம்தான்.

அடுத்து, திறந்த கதவுக்குள் இருக்கும் இருட்டு. அதைத் திரையின் மேலும் கீழும் உள்ள கறுப்புப் பட்டையோடு ஒப்பிடுங்கள். அகலத்திரைப் படங்களில் அந்தப் பட்டை எப்போதும் முழுக் கறுப்பு என்பதால், கையிலேயே இருக்கும் இலவச அளவுகோல் அது. கதவுக்குள் இருப்பது பட்டையைவிட ஒரு மயிரிழை வெளிறி, அதில் மெல்லிய துகள் அசைவு இருந்தால் அங்கே படம் உயிரோடு இருக்கிறது என்று பொருள். இரண்டும் ஒன்றாகக் கலந்து, கதவுநிலையின் கோடே காணாமல் போயிருந்தால் கறுப்பு நசுங்கிவிட்டது. இருட்டுக்குள் கட்டம் கட்டமாக ஏதோ ஊர்ந்தால், அல்லது துகள்கள் சில சட்டகங்களுக்கு உறைந்து நின்று பின் திடீரென்று துள்ளினால், தரவு போதாமல் மென்பொருள் திணறுகிறது. இதில் ஒரு நியாயமும் பார்க்க வேண்டும்: படம் எடுத்தவர்களே அந்த மூலையை முழுக் கறுப்பாக விட்டிருக்கலாம். அந்தச் சந்தேகம் வந்தால், அதே காட்சியில் நடிகையின் கருங்கூந்தல் பின்னணியிலிருந்து பிரிந்து தெரிகிறதா என்று பாருங்கள். கூந்தலில் இழை தெரிந்து மூலை மட்டும் கறுத்திருந்தால் அது ஒளிப்பதிவாளர் எடுத்த முடிவாகவே இருக்கும்.

துகள் அசைவு என்று சொன்னதைக் குறையாக எண்ணிவிடக் கூடாது. இன்றைய பேய்ப்படங்களில் பெரும்பாலானவை டிஜிட்டல் கேமராவில் எடுக்கப்பட்டவை. குறைந்த வெளிச்சத்தில் உணரி தரும் இரைச்சல் படத்தின் இயல்பான தோல். அதைத் துடைத்து வழுவழுப்பாக்கிய வட்டில் முகங்கள் மெழுகுப் பொம்மைபோல ஆகிவிடும். அத்துடன் துகளைத் துடைக்கும் கை இருட்டில் ஒளிந்திருக்கும் நுணுக்கத்தையும் சேர்த்தே துடைத்துவிடுகிறது.

4கே என்ற முத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2010களில் வந்த பல படங்கள், குறைந்த செலவில் எடுத்தவை குறிப்பாக, இறுதிப் பிரதியை 2கே அளவிலேயே முடித்தவை. வட்டில் இருப்பது அதைப் பெரிதாக்கிய வடிவம். இதை வைத்து ‘பொய்யான 4கே’ என்று ஒதுக்குபவர்களோடு நான் உடன்படவில்லை. இவ்வகைப் படத்துக்கு 4கே வட்டு தரும் லாபம் கூர்மையில் குறைவு. இருட்டின் படிகளிலும் ஒளியின் உச்சத்திலும்தான் அதிகம். மெழுகுவத்திச் சுடர் ஒன்று மட்டும் எரியும் அறையில், சுடர் கண் கூசும்படி இருக்க, சுவர் ஏறக்குறையத் தெரியாமல் இருக்க வேண்டும். அதை எச்டிஆர் என்ற அகன்ற ஒளி வரம்பு முறை தரும், பழைய முறை தராது. ஆனால் எச்டிஆர் பெயரைச் சொல்லி முழுக் காட்சியையும் வெளிச்சமாக்கிய வட்டுகளும் இருக்கின்றன. இருளில் இருக்க வேண்டிய பேயின் ஒப்பனை பசையோடு தெரிந்தால் அதற்கு மதிப்பெண்ணைக் குறைக்கத் தயங்காதீர்கள். எச்டிஆர் வகைகளில் டால்பி விஷன் காட்சிக்குக் காட்சி ஒளியளவைத் திரைக்குச் சொல்லித் தருகிறது, எச்டிஆர்10 முழுப் படத்துக்கும் ஒரே அளவைச் சொல்கிறது. நடுத்தர விலைத் தொலைக்காட்சி வைத்திருப்பவர்கள் டால்பி விஷன் உள்ள வட்டையே தேடுவது நல்லது, தொலைக்காட்சியும் கருவியும் அதை ஏற்குமானால்.

புகைக்காட்சியிலும் கறுப்பில் கரையும் தருணத்திலும் தேட வேண்டியவை மேலே சொன்னவைதான். புகை அடுக்கடுக்காக நழுவ வேண்டும், தகடுகளாக வெட்டுப்பட்டு நகரக் கூடாது.

ஒலி: அமைதியின் அளவு

பேய்ப்படத்தின் ஒலியைத் திடுக்கிட வைக்கும் அதிரடியை வைத்து அளப்பது சுலபம், ஏனெனில் எந்த வட்டிலும் அது இடிபோலத்தான் இருக்கும். அதற்கு முந்தைய அரை நிமிடத்தில்தான் வித்தியாசம் தெரியும். ஆளில்லாத அறைக்கும் ஓர் ஒலி உண்டு. குளிர்சாதனப் பெட்டியின் முனகல், சன்னலுக்கு வெளியே காற்று, மரத்தளம் சுருங்கும் சத்தம். இழப்பற்ற ஒலித்தடங்களான டால்பி ட்ரூஎச்டியிலும் டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோவிலும் அந்த அறையொலி நம்மைச் சுற்றி நிற்கும், அது எப்போது நின்றது என்பதே ஒரு பயமாக மாறும். நெருக்கிச் சுருக்கிய ஒலியில் அறையொலி தேய்ந்து, வசனம் மட்டும் வெறும் வெளியில் தொங்கும்.

டால்பி அட்மோஸ் உள்ள வட்டென்றால் மேல்மாடியில் நடக்கும் காலடி கூரைக்கு மேலே கேட்க வேண்டும், முன்பக்க ஒலிபெருக்கியில் சத்தமாகக் கேட்டால் போதாது. காலடி தலைக்கு மேல் இடமிருந்து வலமாகக் கடந்து, ஓரிடத்தில் நின்றது என்றால் எந்த இடத்தில் நின்றது என்று விரலை நீட்டிக் காட்ட முடிய வேண்டும்.

வட்டில் நல்ல தடம் இருந்தும் வீட்டில் கேட்காமல் போவதற்குக் காரணங்கள் பெரும்பாலும் மூன்று. கருவியின் அமைப்பில் ‘செகண்டரி ஆடியோ’ இயங்கிக்கொண்டிருந்தால் அது இழப்பற்ற தடத்தைச் சாதாரணத் தடமாக மாற்றி அனுப்பும். அதை அணைக்க வேண்டும். தொலைக்காட்சி வழியாக ஒலிப்பட்டைக்குப் (சவுண்ட்பார்) போகும் கம்பி ஏஆர்சி (ARC) துளையில் இருந்தால் இழப்பற்ற ஒலி போகாது, அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி (eARC) வேண்டும். மூன்றாவது, இரவு முறை. அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்காரருக்காக அதை இயக்குவது நல்ல பண்புதான், ஆனால் அது முணுமுணுப்பை உயர்த்தி இடியைத் தாழ்த்தி இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். மதிப்பிடும்போது அதை அணைத்துவிட்டுப் பகலில் கேளுங்கள். இரவில் ரசிக்க எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

சில இந்தியப் பதிப்புகளில் தமிழ் ஒலியும் இருக்கும். தாத்தா பாட்டியோடு பார்க்க அது பயன்படும் என்பது உண்மை. ஆங்கிலத் தடத்துக்குக் கொடுத்த இடத்தைத் தமிழுக்குக் கொடுக்காமல், சுருக்கிய 5.1 தடமாகவே பெரும்பாலும் வைக்கிறார்கள். மொழிமாற்றம் செய்யும்போது மூச்சொலியும் முனகலும் புதிதாகப் பதிவாவதால், அறையின் எதிரொலியோடு அவை ஒட்டுகின்றனவா என்று தனியாகக் கேட்டுப் பாருங்கள். பேய் தமிழில் பேசுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அது ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்று பேசுவதுபோலக் கேட்கக் கூடாது, அவ்வளவுதான்.

வசன வரிகளும் கூடுதல் சேர்க்கைகளும்

தென்கிழக்காசியப் பதிப்புகளில் மலாய், சீனம் ஆகிய வசன வரிகள் பெரும்பாலும் இருக்கும், தமிழ் அநேகமாக இருக்காது. ஆங்கில வரி ஒன்றுதான் இருக்கிறது என்றால் அது எந்த வகை என்று பாருங்கள். செவித்திறன் குறைந்தவர்களுக்கான வரிகள் அவர்களுக்கு இன்றியமையாதவை. மற்றவர்களுக்கோ கதவு கிரீச்சிடுவதற்கு ஒரு கணம் முன்பே ‘கதவு கிரீச்சிடுகிறது’ என்று எழுதிக் காட்டிவிடும். இரண்டு வகையும் தனித்தனியாக இருக்கும் வட்டே சிறந்தது. லத்தீன் மந்திரமோ வேறு மொழி உரையாடலோ வரும் இடத்தில், வரிகளை அணைத்திருந்தாலும் தேவையான மொழிபெயர்ப்பு தானாக வருகிறதா என்றும் சரிபாருங்கள். வெள்ளை எழுத்து கண்ணைக் கூச வைத்தால், அதன் பிரகாசத்தைக் குறைக்கச் சில கருவிகளில் வழியுண்டு.

கூடுதல் சேர்க்கைகளில், நடிகர்கள் ஒருவரையொருவர் புகழும் ஐந்து நிமிடத் துண்டுகளை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம். இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் சேர்ந்து பேசும் விளக்கவுரை, பேயின் ஒப்பனையை உருவாக்கியதைக் காட்டும் படம், நீக்கிய காட்சிகள் ஆகியவை இருந்தால் பெட்டிக்கு மதிப்பு உண்டு. வட்டுக்கான படத்தை யார் பார்த்து ஒப்புதல் தந்தார்கள் என்ற குறிப்பு உறையிலோ கையேட்டிலோ இருந்தால், மேலே இருட்டைப் பற்றி வந்த சந்தேகங்கள் பாதி தீர்ந்துவிடும்.

விலை

வெளிநாட்டிலிருந்து தருவிக்கும்போது வட்டின் விலையோடு அஞ்சல் செலவும், 2024 ஜனவரி முதல் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட இணையவழி இறக்குமதிப் பொருள்களுக்கு விதிக்கப்படும் 10 விழுக்காட்டு விற்பனை வரியும் சேரும். இவற்றைக் கூட்டிப் பார்த்த பிறகு இரண்டு பதிப்புகளுக்கிடையே தயங்கினால், வட்டின் கொள்ளளவைக் கேளுங்கள். 100 நிமிடப் படத்தை 25 ஜிகாபைட் வட்டில் அடக்கினால், வட்டு முழுவதையும் செலவழித்தாலும் நொடிக்கு 33 மெகாபிட்தான் கிடைக்கும். அதிலிருந்து ஒலிக்கும் சேர்க்கைகளுக்கும் கழித்துக்கொண்டால் இருட்டுக்கு மிஞ்சுவது சொற்பம். 50 ஜிகாபைட் வட்டில் அந்தப் பற்றாக்குறை இல்லை. ஒரே படம், ஒரே உறை, விலையில் சில ரிங்கிட் மட்டுமே வேறுபாடு என்றால் பெரிய வட்டை எடுத்துக்கொண்டு, தடித்த பெட்டியையும் சுவரொட்டியையும் அதை விரும்புபவர்களுக்கு விட்டுவிடலாம்.